பெண்டேக்கார்: பழைய டாங்கிக்குள் எவ்வளவு புதுமை இருக்கிறது?

தேசிய நாள் அணிவகுப்பு டத்தாரான் மெர்டேக்காவில் நடக்கும் ஆண்டுகளில், கிள்ளானிலிருந்து முதல் கொமுட்டர் ரயிலைப் பிடித்துப் பிள்ளைகளோடு கோலாலம்பூர் போய் நிற்கும் குடும்பங்கள் பல. கவச வாகனங்களின் வரிசை வந்ததும் தரை அதிரும், கைப்பேசிகள் உயரும். அந்த வரிசையில் மிகப் பெரியதும் மிக அதிகமாகச் சத்தம் போடுவதும் பெண்டேக்கார் டாங்கி. சக்கரங்களின் மேல் ஓடும் இரும்புச் சங்கிலி, நீண்ட பீரங்கிக் குழல், உடம்பெல்லாம் செங்கல் ஒட்டியதுபோல் சிறு பெட்டிகள். "இது புதுசா, பழசா?" என்று பக்கத்தில் நிற்கும் பையன் கேட்டால் சட்டென்று பதில் சொல்வது கடினம். இரண்டுமே சரி.

பெண்டேக்கார் என்பது மலாய் மொழியில் வீரனை, சிலாட் கலையில் தேர்ந்தவனைக் குறிக்கும் சொல். ராணுவ ஆவணங்களில் இதன் பெயர் பிடி-91எம். போலந்து நாட்டின் கிளிவிட்சே நகரிலுள்ள புமார் லபேண்டி தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 48 டாங்கிகளை வாங்க மலேசியா 2003-இல் ஒப்பந்தம் போட்டது. அதோடு பழுதாகி நிற்கும் டாங்கிகளை இழுத்து வரும் மீட்பு வாகனங்கள் 6, பாலம் போடும் வாகனங்கள் 5, பொறியியல் வாகனங்கள் 3, ஓட்டுநர் பயிற்சி வண்டி 1. மொத்த மதிப்பு சுமார் 37 கோடி அமெரிக்க டாலர். அப்போது ஒரு டாலர் 3 ரிங்கிட் 80 சென் என்று கட்டி வைக்கப்பட்டிருந்த காலம் என்பதால் நம் கணக்கில் ஏறத்தாழ 1.4 பில்லியன் ரிங்கிட். அதில் ஒரு பகுதி செம்பனை எண்ணெயாகவே ஈடுகட்டப்பட்டது. தோட்டத்தில் பழக்குலை வெட்டியவர்களின் உழைப்பும் இந்த இரும்புக்குள் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. டாங்கிகள் 2007 தொடங்கி வந்து சேர்ந்தன. 2009-இல் முழு எண்ணிக்கையும் கைக்கு வந்தது. இவற்றை வைத்திருப்பது நெகிரி செம்பிலான், கிம்மாஸ் முகாமிலுள்ள அரச கவசப் படையின் 11-வது ரெஜிமெண்ட்.

வாங்கியபோது இவை புதிய வண்டிகள்தாம். யாரோ ஓட்டிப் பழசாக்கியதைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுக்கவில்லை. ஆனால் வடிவமைப்பு பழையது. அதன் வேர் 1973-இல் சோவியத் ராணுவத்தில் சேர்ந்த டி-72. இங்குதான் இந்த டாங்கியைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் தொடங்குகின்றன.

மலாயா மண்ணில் டாங்கி ஓடுமா?

இந்தக் கேள்வி பெண்டேக்கார் வாங்கியபோதும் எழுந்தது. காடு, சதுப்பு, ரப்பர் தோட்டம், ஆறு. இங்கே எதற்கு டாங்கி என்பது கேட்கப் பொருத்தமான வாதமாகவே தோன்றும். ஆனால் இதே வாதத்தை முன்பு நம்பியவர்கள் பிரிட்டிஷ் தளபதிகள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது மலாயாவைக் காக்க நின்ற பிரிட்டிஷ், இந்தியப் படைகளிடம் டாங்கியே இல்லை. ஜப்பானியரோ இலகு டாங்கிகளையும் நடுத்தர டாங்கிகளையும் கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் காட்டுக்குள் புகவே தேவையில்லை. பிரிட்டிஷார் போட்டுக் கொடுத்த நல்ல தார்ச்சாலை போதுமானதாக இருந்தது.

1942 ஜனவரி 7, விடியுமுன். தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே சிலிம் ரிவரில், நெடுஞ்சாலை வழியாக ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்தன. களைத்துப் போயிருந்த இந்தியப் படைப்பிரிவுகளின் வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து சில மணி நேரத்தில் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே வந்துவிட்டன. நான்கு நாளில், ஜனவரி 11-இல், கோலாலம்பூர் விழுந்தது. ஜனவரி 14-இல் கிம்மாஸ் அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். மறுநாள் அவர்களுடைய டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் பல ஜப்பானிய டாங்கிகளை உடைத்தன. அதே கிம்மாஸில்தான் இன்று நம் டாங்கி ரெஜிமெண்ட் இருக்கிறது. தற்செயலாக அமைந்தது என்றாலும் நினைத்துப் பார்க்கத் தக்கது.

எனவே மலாயாவில் டாங்கி ஓடுமா என்பது முடிந்துபோன விவாதம். பாலம் தாங்குமா, சேறு விடுமா, பதுங்கியிருப்பவனை முன்கூட்டியே பார்க்க முடியுமா என்பதுதான் இன்னும் உயிரோடு இருக்கும் கேள்விகள். பெண்டேக்காரின் எடை 48.5 டன். சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் வைத்திருக்கும் ஜெர்மானிய லெப்பர்ட் 2 வகைகள் 55 டன் முதல் 60-ஐயும் தாண்டும். நம் மாவட்டச் சாலைகளின் பாலங்களை நினைத்தால் இந்த வித்தியாசம் சிறியதல்ல. ஒப்பந்தத்தில் பாலம் போடும் வாகனங்கள் 5 சேர்க்கப்பட்டதற்கும் காரணம் அதுவே. டாங்கியின் உடலையே அடியாகக் கொண்டு 26 மீட்டர் நீளப் பாலத்தைச் சுமந்து சென்று, ஆற்றின் குறுக்கே விரித்து வைக்கக் கூடியவை அவை.

டி-72 எதற்காகச் செய்யப்பட்டது

மேம்பாட்டைப் புரிந்துகொள்ள மூலத்தைப் பார்க்க வேண்டும். டி-72 ரஷ்யாவின் நிஷ்னி தகில் நகரில் பெருந்தொகையாகச் செய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. தாழ்வான உருவம்; உயரம் சுமார் 2.2 மீட்டர்தான். எடை 41.5 டன். 125 மில்லிமீட்டர் பீரங்கி, அக்காலத்து மேற்கத்திய டாங்கிகளில் இருந்த 105 மில்லிமீட்டரைவிடப் பெரியது. குண்டு நிரப்புவதற்கு ஆள் கிடையாது; ஒரு எந்திரம் நிரப்பும். ஆகவே உள்ளே மூன்றே பேர்: ஓட்டுநர், பீரங்கியை இயக்கும் கன்னர், கமாண்டர். மூச்சுக்குழாய் பொருத்திக்கொண்டு சுமார் 5 மீட்டர் ஆழ ஆற்றின் அடியிலேயே நடந்து கடக்கும்.

விலை மலிவு, எளிதில் செய்யலாம், பழுது பார்ப்பதும் எளிது. அதனால் உலகெங்கும் பரவியது. போலந்து உரிமம் வாங்கிச் செய்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இந்தியா 'அஜேயா' என்ற பெயரில் செய்தது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறக்கியதும் இந்த டி-72-தான்.

அதன் குறைகள் போர்க்களத்தில் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 1991 பிப்ரவரியில், குவைத் போரில், மணற்புயல் வீசிய பாலைவனத்தில் அமெரிக்க டாங்கிகள் வெப்பக் காட்சிக் கருவி வழியாக ஈராக்கிய டி-72-களைப் பார்த்தன. ஈராக்கியரால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. சுட்டது யார் என்றே தெரியாமல் டாங்கிகள் எரிந்தன. டி-72-இன் பழைய இரவுக் கருவி அகச்சிவப்பு விளக்கைப் போட்டுப் பார்க்கும் வகை. எட்டுவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதைவிட மோசம், அந்த விளக்கைப் போட்டால் எதிரியிடம் பொருத்தமான கருவி இருந்தால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று கையசைத்தது போலாகிவிடும்.

1994, 1995-இல் செச்சினியாவின் குரோஸ்னி நகரத் தெருக்களில் இன்னொரு குறை தெரிந்தது. பீரங்கிக் குழல் 14 பாகைக்கு மேல் உயராது. பக்கத்து மாடியிலிருந்து ராக்கெட் எறிபவனை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. பின்வாங்கலாம் என்றால் பின்னோக்கி ஓடும் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகம்கூட இதைவிட அதிகம். பதுங்குத் தாக்குதலில் சிக்கிய மூன்று வீரர்களுக்கு இந்த ஒரு எண் வாழ்வா சாவா என்பதாக இருந்திருக்கும். விளம்பரத் தாள்களில் முன்னோக்கிய வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். பின்னோக்கிய வேகத்தை யாரும் போடுவதில்லை.

போலந்து என்ன மாற்றியது, மலேசியா என்ன கேட்டது

சோவியத் கூட்டணி கலைந்தபின் போலந்து தன் டி-72-ஐத் தானே மேம்படுத்தத் தொடங்கியது. அதன் பலன் பிடி-91 'துவார்டி'. போலிஷ் மொழியில் கடினமானது என்று பொருள். 1990-களின் நடுவில் போலந்து ராணுவத்தில் சேர்ந்தது. அதில் 850 குதிரைத்திறன் எஞ்சின், புதிய குறிபார்க்கும் கருவி, உடல் முழுக்க வெடிகவசப் பெட்டிகள். மலேசியா வாங்கியது இதை அப்படியே அல்ல. அடிப்படை உடல் மட்டும் அதேதான். உள்ளே முக்கிய பாகங்கள் பல மாற்றப்பட்டன.

முதலில் கண். பிரான்ஸின் சாஜெம் நிறுவனத்தின் சவான்-15 என்னும் சுடும் கட்டுப்பாட்டு அமைப்பு பொருத்தப்பட்டது. வெப்பக் காட்சி, லேசர் தூரமானி, கணினி எல்லாம் இதில் ஒன்றாக இயங்கும். டாங்கி மேடு பள்ளத்தில் குலுங்கிக்கொண்டு ஓடும்போதும் குறி அதே இடத்தில் நிற்கும். எதிரியின் தூரம், அவன் நகரும் வேகம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் குழலை எங்கே திருப்ப வேண்டும் என்று கணினி சொல்லும்.

இதோடு கமாண்டருக்குத் தனியாக, எல்லாத் திசையும் சுழன்று பார்க்கும் நிலைப்படுத்தப்பட்ட காட்சிக் கருவி கிடைத்தது. இது சின்ன வசதியாகத் தோன்றும். உண்மையில் பெரிய மாற்றம் இதுதான். பழைய டி-72-இல் கன்னர் ஒரு இலக்கைச் சுடும்போது கமாண்டருடைய பார்வை பலவீனமானது. அடுத்த ஆபத்து எங்கே என்று தேடுவது சிரமம். புதிய அமைப்பில் கன்னர் முதல் இலக்கைச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே கமாண்டர் இரண்டாவதைத் தேடிப் பிடித்து, பொத்தானை அழுத்திக் குழலை அங்கே திருப்பிவிடலாம். வேட்டையாடுபவன் ஒருவன், சுடுபவன் ஒருவன் என்ற முறை. டாங்கிச் சண்டையில் முதலில் பார்ப்பவனும் முதலில் சுடுபவனுமே பெரும்பாலும் பிழைக்கிறான் என்பதால், கவசத்தில் பத்து சென்டிமீட்டர் கூட்டுவதைவிட இந்தக் கண்ணாடிக்குப் பயன் அதிகம்.

அடுத்து கால். மூல டி-72-இன் எஞ்சின் 780 குதிரைத்திறன். பெண்டேக்காரில் போலந்தின் எஸ்-1000ஆர் டீசல் எஞ்சின், 1,000 குதிரைத்திறன். எடையும் 7 டன் கூடிவிட்டதால், ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் பழையதில் சுமார் 18.8, புதியதில் சுமார் 20.6 குதிரைத்திறன். உயர்வு இருக்கிறது, ஆனால் சத்தத்தைப் பார்த்து நினைக்கும் அளவுக்கு இல்லை. 1,500 குதிரைத்திறன் உள்ள லெப்பர்ட் 2 டன்னுக்கு 24-ஐத் தாண்டுகிறது.

எஞ்சினைவிடச் சிறப்பானது கியர். பிரான்ஸில் செய்யப்பட்ட தானியங்கிக் கியர் அமைப்பு, எஞ்சினோடு ஒரே கட்டாக இணைக்கப்பட்டிருக்கிறது. பழைய டி-72-இல் ஓட்டுநர் இரண்டு இரும்பு நெம்புகோல்களை இழுத்துத் திருப்ப வேண்டும். நாள் முழுக்க ஓட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும். இதில் கைப்பிடிச் சக்கரம். நின்ற இடத்திலேயே வட்டமிட்டுத் திரும்பலாம். பின்னோக்கிப் போகும் வேகம் பழையதைவிடப் பல மடங்கு. பழுதானால் பழைய டி-72-இன் எஞ்சினை மாற்றுவது ஒரு முழு நாள் வேலை; எஞ்சினும் கியரும் ஒரே கட்டாக இருந்தால் பாரந்தூக்கியால் தூக்கி வேறொன்றை வைத்துவிடலாம், நேரம் பெருமளவு மிச்சம். லோரிப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளக்காமலே புரியும்.

ஜெர்மனியின் டீல் நிறுவனச் சங்கிலிகளில் ரப்பர்த் தட்டைகள் இருக்கின்றன. அணிவகுப்பு முடிந்தபின் தார்ச்சாலை உழுது போட்ட வயலாகாமல் இருப்பது அவற்றால்தான்.

பிறகு தோல். உடம்பெல்லாம் ஒட்டியிருக்கும் அந்தச் செங்கல்கள்தாம் போலந்து உருவாக்கிய எராவா வெடிகவசம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எஃகுத் தகடுகளுக்கு இடையே வெடிமருந்து. தாக்கவரும் ராக்கெட்டின் கூர்முனைத் தாரை உருகிய உலோக ஊசி போலக் கவசத்தைத் துளைக்கும். அது பட்டதும் பெட்டி வெளிப்புறமாக வெடித்து, அந்த ஊசியைச் சிதறடித்துவிடும். துவார்டியில் இப்படி 394 பெட்டிகள். மற்ற நாட்டு முதல் தலைமுறை வெடிகவசங்களில் பெட்டிகளுக்கிடையே பெரிய இடைவெளி இருக்கும். எராவா ஓடு பதித்தாற்போல நெருக்கமானது. இதன் இரண்டடுக்கு வடிவமான எராவா-2 பெண்டேக்காரில் இருக்கிறது.

ஒரு பெட்டி ஒரு முறைதான் வெடிக்கும். அதே இடத்தில் இரண்டாவது ராக்கெட் பட்டால் பழைய டி-72-தான். டாங்கியோடு சேர்ந்து நடக்கும் காலாட்படை வீரர்களுக்கும் அந்த வெடிப்பு ஆபத்து.

ஓப்ரா-3 என்ற எச்சரிக்கைக் கருவியும் உண்டு. எதிரி லேசரால் தூரம் அளந்தாலோ லேசர் வழிகாட்டும் ஏவுகணையைக் குறிவைத்தாலோ, எந்தத் திசையிலிருந்து என்று காட்டிப் புகைக் குண்டுகளை எறிய வைக்கும். பார்ப்பதற்குப் படத்தில் வரும் தந்திரம் போலிருந்தாலும், பின்னோக்கி வேகமாகப் போகும் கியரும் இந்தப் புகையும் சேர்ந்தால்தான் தப்பிக்கும் வழி முழுமையாகிறது. பழைய டி-72-இல் புகை போட்டாலும் அதற்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

பீரங்கி அதே 125 மில்லிமீட்டர். ஸ்லோவாக்கியாவில் செய்த 2ஏ46எம்எஸ் குழல். மேலே பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவன இயந்திரத் துப்பாக்கிகள்.

மாற்ற முடியாதது

இவ்வளவும் செய்தபின்னும் ஒன்றை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. குண்டுகள் இருக்கும் இடம்.

டி-72-இன் தானியங்கிக் குண்டு நிரப்பி, சுழல் கோபுரத்தின் தரையில் வட்டமாகப் படுத்திருக்கும் ஒரு ராட்டினம். அதில் 22 குண்டுகள். குண்டு ஒரு தட்டு, அதைத் தள்ளும் மருந்து வேறு தட்டு. கன்னர் வகையைத் தேர்ந்தெடுத்தால் ராட்டினம் சுழன்று, கை ஒன்று தூக்கி, குழலுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு எட்டு வரை. சுறுசுறுப்பான ஏற்பாடு, ஓர் ஆளின் இடம் மிச்சம், அதனால் டாங்கி சிறியது, இலேசானது. ஆனால் கன்னரும் கமாண்டரும் உட்கார்ந்திருப்பது அந்த ராட்டினத்துக்கு மேலேயே. ராட்டினத்தில் அடங்காத மீதிக் குண்டுகள் அவர்களைச் சுற்றிலும்.

கவசம் துளைக்கப்பட்டு அந்த மருந்து பற்றிக்கொண்டால் என்னவாகும் என்பதை 2022 முதல் உக்ரேன் போர்ப் படங்களில் உலகமே பார்த்தது. பல டன் எடையுள்ள கோபுரம் உடலிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே பறக்கும். உள்ளே இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஏப்ராம்ஸ் டாங்கியில் குண்டுகள் கோபுரத்தின் பின்புறம் தனி அறையில், கதவு போட்டு, வெடித்தால் மேற்கூரைத் தகடு வெளியே பெயர்ந்துகொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. டி-72-இல் அப்படிச் செய்ய வேண்டுமானால் கோபுரத்தையே புதிதாக வார்க்க வேண்டும். அதற்குமேல் அதை மேம்பாடு என்று சொல்வது பொருந்தாது, வேறு டாங்கி.

ராட்டினம் இன்னொரு கட்டுப்பாட்டையும் வைக்கிறது. இன்றைய கவசத்தைத் துளைக்கும் குண்டு நீண்ட அம்பு போன்றது. நீளம் கூடினால் துளைக்கும் சக்தி கூடும். ராட்டினத்தின் தட்டு அளவு எழுபதுகளில் முடிவானது. அதற்குள் அடங்கும் நீளமே எல்லை. எவ்வளவு நல்ல கணினி வைத்தாலும் அம்பை நீட்ட முடியாது.

மேற்புறம் அடுத்த பலவீனம். வெடிகவசம் முன்புறமும் பக்கங்களும் நோக்கியே அடுக்கப்பட்டது, ஏனெனில் அப்போது ஆபத்து அங்கிருந்து வந்தது. 2020-இல் நாகோர்னோ கராபாக் போரில் ஆளில்லா விமானங்கள் மேலிருந்து ஆர்மீனிய டி-72-களைத் தாக்கின. உக்ரேனில் கடையில் வாங்கும் சாமான்களைக் கோத்துச் செய்த சிறு டிரோன்கள் அதே வேலையைச் செய்கின்றன. கோபுரத்துக்கு மேல் கம்பிக் கூண்டு கட்டிக்கொள்வது இரு தரப்பிலும் வழக்கமாகிவிட்டது. அழகாக இல்லை; ஆனால் உள்ளே இருப்பவர்கள் அழகைப் பார்த்துக் கட்டவில்லை. துவார்டியும் அந்தக் களத்துக்குப் போயிருக்கிறது: 2023 ஜனவரியில் போலந்து உக்ரேனுக்கு அறிவித்த 60 டாங்கிகளில் 30 துவார்டி.

ஐந்து நாட்டுச் சாமான்

மேம்படுத்திய டாங்கிக்கு வயதாகும்போது ஒரு விசித்திரம் நடக்கும். பழைய பகுதிகள் நிலைத்து நிற்கும். புதிய பகுதிகள் முதலில் மூப்படையும். இரும்பு உடல் ஐம்பது ஆண்டுகள் தாங்கும். 2000-களின் கணினிப் பலகை, வெப்பக் காட்சிக் கருவியின் உணரி, திரை ஆகியவற்றைச் செய்தவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அடுத்த மாதிரிக்குப் போய்விடுகிறார்கள். வீட்டிலிருக்கும் பழைய கார் ஓடும், அதன் வானொலிப் பெட்டிக்குச் சாமான் கிடைக்காது என்பது போல. ஆனால் வானொலி இல்லாமல் கார் ஓட்டலாம். காட்சிக் கருவி இல்லாமல் டாங்கியை வைத்துச் சண்டை போட முடியாது.

பெண்டேக்காருக்கு இந்தச் சிக்கல் இருமடங்கு. உடலும் எஞ்சினும் போலந்து, கண்ணும் கியரும் பிரான்ஸ், பீரங்கி ஸ்லோவாக்கியா, சங்கிலி ஜெர்மனி, துப்பாக்கி பெல்ஜியம். ஒவ்வொன்றும் அந்தந்த வகையில் நல்ல தேர்வு. ஆனால் இந்தச் சேர்க்கையை உலகத்தில் மலேசியா மட்டுமே வாங்கியது. 48 டாங்கிகளுக்காக ஒரு தொழிற்சாலை உற்பத்தி வரிசையைத் திறந்து வைத்திருக்காது. ஆயிரக்கணக்கில் டி-72 வைத்திருக்கும் நாடுகளின் உதிரிப்பாகச் சந்தையிலும் இதன் முக்கியப் பாகங்கள் கிடைக்காது, ஏனென்றால் அவர்களுடையது வேறு. உடலுக்கும் ஓடுசக்கரங்களுக்கும் பொருந்தலாம், கண்ணுக்கும் காலுக்கும் பொருந்தாது.

போலந்தும் இந்த வரிசையைவிட்டு விலகிக்கொண்டிருக்கிறது. 2022-இல் தென்கொரியாவிடம் 180 கே2 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. அமெரிக்க ஏப்ராம்ஸும் வாங்குகிறது. பெண்டேக்காரைச் செய்த அதே கிளிவிட்சே தொழிற்சாலையில் கே2-இன் போலந்து வடிவம் செய்ய 2025-இல் கையெழுத்தானது.

பக்கத்து நாடுகளைப் பார்த்தால், சிங்கப்பூர் 2006-இல் ஜெர்மனி பயன்படுத்திய லெப்பர்ட் 2ஏ4-களை வாங்கி மேம்படுத்தியது. இந்தோனேசியா நூற்றுக்கும் மேற்பட்ட லெப்பர்ட் வாங்கி, அவற்றில் 61-ஐ ஆர்ஐ என்ற வகையாக மாற்றிக்கொண்டது. அவையும் 1980-களின் உடல்தாம். ஆனால் லெப்பர்ட் 2-ஐ ஐரோப்பாவில் பல ராணுவங்கள் வைத்திருப்பதால் சாமானுக்கும் அடுத்த மேம்பாட்டுக்கும் பெரிய கூட்டத்தோடு சேர்ந்து நடக்கலாம். தாய்லாந்து வேறு வழியில் போய் உக்ரேனின் ஓப்லோட்டையும், பிறகு சீனாவின் விடி-4-ஐயும் புதிதாக வாங்கியது.

ஆவடி இப்போது செய்வது

இதே டி-72 உடலை ஆயிரக்கணக்கில் வைத்திருக்கும் இந்தியாவின் வழி வேறு. அங்கே அஜேயாவுக்கு வெடிகவசமும் புதிய இரவுக் கருவிகளும் தவணை தவணையாகச் சேர்ந்தன. எஞ்சின் மட்டும் அதே 780 குதிரைத்திறன். 2025 மார்ச் 7-இல் இந்தியத் தற்காப்பு அமைச்சு ரஷ்யாவின் ரோசோபோரோன் எக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது: டி-72-களுக்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சின். சில முழுதாக வரும், சில பிரித்த பாகங்களாக வரும், தொழில்நுட்பம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குக் கைமாறும்.

பெண்டேக்காருக்கு 2003-இல் கேட்ட அதே 1,000 குதிரைத்திறன், இருபது ஆண்டுக்கு மேல் பிந்தி. ஒரே ஒரு டாங்கியை எடுத்து வைத்துப் பார்த்தால் கிம்மாஸில் நிற்பது ஆவடியிலிருந்து வரும் அஜேயாவைவிடக் கண்ணிலும் காலிலும் முன்னேறியது. ஆனால் ஆவடியில் எஞ்சின் பழுதானால் பக்கத்துக் கொட்டகையிலேயே வேறொன்று இருக்கும், அதைச் செய்தவரும் அங்கேயே இருப்பார். கிம்மாஸிலிருந்து கேட்கும் பாகம் கப்பலேறி வர வேண்டும்.

இனி பெண்டேக்காரை வைத்துக்கொள்வதென்றால் செய்ய வேண்டியவை தெளிவானவை. காட்சிக் கருவியையும் கணினியையும் இன்று உற்பத்தியில் உள்ள ஒன்றுக்கு மாற்றுவது. கோபுரத்தின் மேற்புறத்துக்குப் பாதுகாப்பும் டிரோன்களைக் குழப்பும் கருவியும் சேர்ப்பது. எஞ்சின் கட்டுகளில் போதுமானவற்றைக் கையிருப்பில் வைப்பது. உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யக்கூடியதை இங்கேயே செய்துகொள்வது. ராட்டினத்தில் அடங்காத குண்டுகளைக் கோபுரத்துக்குள் ஏற்றாமல் 22-ஓடு மட்டும் களத்துக்குப் போவது என்ற எளிய கட்டுப்பாடும் உண்டு. செலவே இல்லாதது, வெடிக்கும் மருந்தைப் பாதியாகக் குறைப்பது. ஆனால் அந்த மூன்று பேரும் அடிக்கடி திரும்பி வந்து குண்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குப் பின்னாலேயே குண்டு லோரி வந்துகொண்டிருக்க வேண்டும்.